விழித்திருக்கும் பெட்டி

தொலைபேசியைப் பேசுவதற்கான கருவி என்றே நாம் எண்ணிவருகிறோம். ஆனால் ஒரு சாதாரணக் குடும்பத்தில் அது நாளின் 24 மணி நேரத்தில் எவ்வளவு நேரம் பேச உதவுகிறது, எவ்வளவு நேரம் மேஜைமேல் சும்மா இருக்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால், பேச்சுக்கு அரை மணியோ ஒரு மணியோ போக, மிகுதிக் காலம் முழுவதும் அதன் தொழில் காத்திருப்பதே என்பது புலனாகும். யார், எந்த ஊரிலிருந்து, எந்த நிமிஷத்தில் அழைப்பார் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை ஆதலால், அந்தக் காத்திருப்பில் ஓர் இடைவெளியும் நேரலாகாது. வெளியே அழைக்க மட்டும் உதவி, உள்ளே வரும் அழைப்புக்கு மணி அடிக்கத் தவறுகிற கருவியைப் பாதித் தொலைபேசி என்றே சொல்ல வேண்டும். இணையத்தின் வழியே பேசும் வித்தை கைவந்த பின்பும், அது வீட்டுத் தொலைபேசியின் ஸ்தானத்தை அடையப் பல ஆண்டுகள் பிடித்ததற்குப் பேசுவதில் இருந்த சிரமத்தைவிடக் காத்திருப்பதில் இருந்த சிரமமே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

பழைய செம்புக் கம்பித் தொலைபேசி இந்தக் காரியத்தை எவ்வளவு சிக்கனமாகச் செய்தது என்பதை முதலில் பார்ப்போம். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளுக்கிடையே 48 வோல்ட் அழுத்தம் எப்பொழுதும் இருந்துகொண்டிருக்கும். ஆனால் ரிசீவர் கீழே வைக்கப்பட்டிருக்கும் வரையில் சுற்று அறுபட்டே இருப்பதால் அதில் மின்னோட்டம் பாயாது, சக்தியும் செலவாகாது. மணியடிக்கும் பகுதி மட்டும் ஒரு மின்தேக்கியின் வழியாகக் கம்பிகளோடு பொருந்தியிருக்கும். நேர்மின்னோட்டத்தைத் தடுப்பதும் மாறுமின்னோட்டத்தை உள்ளே விடுவதும் மின்தேக்கியின் இயல்பு. எனவே, அழைப்பு வரும்போது எக்ஸ்சேஞ்ச், அமெரிக்க வழக்கப்படி, ஏறத்தாழ 90 வோல்ட் அழுத்தமும் விநாடிக்கு 20 சுழற்சிகளும் உள்ள மாறுமின்னோட்டத்தைக் கம்பியில் அனுப்ப, மணி ஒலிக்கும். ரிசீவரை எடுத்தவுடன் சுற்று முழுமையாகி, 20 மில்லி ஆம்பியருக்குக் குறையாத ஓட்டம் பாயும். அதை அறிந்துகொண்ட எக்ஸ்சேஞ்ச் மணியை நிறுத்திப் பேச்சுப் பாதையைத் திறந்துவிடும். வீட்டிலுள்ள கருவிக்குத் தனி மின் இணைப்பு வேண்டியதில்லை. அது எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தன் இருப்பை யாருக்கும் அறிவிக்க வேண்டியதும் இல்லை. விழித்திருக்கும் பொறுப்பு முழுவதையும் எக்ஸ்சேஞ்ச் ஏற்றுக்கொண்டிருந்தது. அங்கே அடுக்கடுக்காக வைக்கப்பட்ட மின்கலங்கள் அந்த 48 வோல்ட்டை இடையறாமல் வழங்கியதனால்தான், புயலில் ஊரே இருளில் ஆழ்ந்த இரவுகளிலும் தொலைபேசி உயிரோடு இருந்தது.

பேச்சைச் சிறு பொட்டலங்களாக்கிக் கணினிகளின் வலையில் அனுப்ப முடியும் என்பது 1974-லேயே நிரூபணமாகிவிட்டது. அர்பாநெட் என்ற அமெரிக்க ஆராய்ச்சி வலையில், டேனி கோஹென் முதலியோர் வகுத்த விதிமுறைகளைக் கொண்டு, கலிபோர்னியாவுக்கும் மாசசூசெட்ஸுக்கும் இடையே குரல் சென்று வந்தது. பொதுமக்கள் கைக்கு அந்த வித்தை 1995-ல் இஸ்ரேல் நாட்டு வோக்கல்டெக் நிறுவனத்தின் ‘இன்டர்நெட் போன்’ என்ற மென்பொருளாக வந்து சேர்ந்தது. 2003-ல் ஸ்கைப் தோன்றி உலகெங்கும் பரவியது. இவற்றிலெல்லாம் பேசும் இருவரும் தத்தம் கணினியை இயக்கி, அதன் அருகிலேயே இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நேரம் குறித்துக்கொண்டு பேசுகிற சம்பாஷணைக்கு இது போதும். அகால வேளையில் வரும் அவசரச் செய்திக்கு இது உதவாது.

இந்தக் குறையைப் பாதி தீர்த்துவைத்த கருவி ஒன்று 2007-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. டான் போரிஸ்லோ என்பவர் உருவாக்கிய மேஜிக்ஜாக் என்ற அக்கருவி உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு முனையில் கணினியின் யூஎஸ்பி துளையில் பொருந்தும் முளை. மறுமுனையில் சாதாரணத் தொலைபேசிக் கம்பியைச் செருகும் துளை. முதலாண்டுச் சந்தாவையும் சேர்த்து விலை ஏறத்தாழ 40 டாலர். அதற்குப் பிறகு ஆண்டொன்றுக்கு 20 டாலர். இந்தத் தொகைக்கு அமெரிக்கா முழுவதற்கும் கனடாவுக்கும் கணக்கில்லாமல் பேசலாம் என்றால், மாதந்தோறும் தொலைபேசிக் கம்பெனிக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் அதை ஆவலோடு வாங்கியதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சிறு கருவி உண்மையில் செய்த வேலை குறைவு. கணினியில் செருகியவுடன் அது தன்னை ஓர் ஒலிக் கருவியாகவும், மென்பொருள் அடங்கிய ஒரு குறுவட்டாகவும் அறிமுகப்படுத்திக்கொள்ளும். அந்த மென்பொருள் கணினியில் தானே இயங்கத் தொடங்கி, குரலைப் பொட்டலமாக்குவது, தொலைவிலுள்ள சர்வரோடு உறவாடுவது, வரும் அழைப்பை அறிவது ஆகிய எல்லாவற்றையும் கணினியின் மூளையைக் கொண்டே செய்யும். கணினி அணைந்தால் தொலைபேசியும் அணையும்.

ஆகவே மக்கள் கணினியை அணைக்காமல் விட்டுவைத்தார்கள். மேஜைக் கணினி ஒன்று சராசரியாக 80 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கு அது 700 யூனிட் ஆகிறது. யூனிட்டுக்கு 12 சென்ட் விலையென்றால் 84 டாலர். ஆண்டுக்கு 20 டாலர் சந்தாவில் தொலைபேசி வைத்திருப்பதாக மகிழ்ந்தவர், அதைப்போல் நான்கு மடங்குத் தொகையை மின்சாரத்துக்குக் கட்டிக்கொண்டிருந்தார் என்பது இதனால் விளங்கும். லட்சக்கணக்கான பெருக்கல்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்யவல்ல ஒரு யந்திரத்தை, நாள் முழுவதும் ஒரு மணி ஒலிக்காகக் காத்திருக்கச் செய்வது, சகல சாஸ்திரங்களும் கற்ற பண்டிதர் ஒருவரைத் திண்ணையில் உட்கார வைத்து, யாராவது கதவைத் தட்டுகிறார்களா என்று விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்கும்படி பணிப்பதற்கு ஒப்பாகும்.

செலவைவிடப் பெரிய தொல்லைகளும் இருந்தன. கணினிகள் சிறிது நேரம் வேலையின்றி இருந்தால் தாமே துயிலில் ஆழும்படி அமைக்கப்பட்டவை; இரவில் புதிய திருத்தங்களை ஏற்றுக்கொண்டு தாமே அணைந்து எழும்புபவை; யாராவது பயனர் கணக்கிலிருந்து வெளியேறினால் அவருடைய மென்பொருள்களை எல்லாம் மூடிவிடுபவை. இந்தச் சந்தர்ப்பங்களில் தொலைபேசி ஓசையின்றிச் செத்துப்போகும். மறுநாள் உறவினர் ஒருவர் குறைப்பட்டுக்கொள்ளும்போதுதான் வீட்டார் அதை அறிவர். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதும் நிம்மதியில்லை. அதே கணினியில் வேறொருவர் ஒரு படத்தைப் பார்க்கவோ பெரிய கோப்பைத் திறக்கவோ செய்தால், குரல் துண்டு துண்டாக அறுபடும். சிலர், 2008-ல் வெளிவரத் தொடங்கிய ஆட்டம் செயலி பூண்ட சிறு மடிக்கணினிகளைத் தொலைபேசிக்கென்றே ஒதுக்கிவைத்து மின்செலவைக் குறைத்தார்கள். ஆனாலும் மற்ற உபத்திரவங்கள் நீங்கவில்லை.

குரல் ஏன் அறுபட்டது என்பதை ஆராய்ந்தால், கணினியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் எதை வைக்க வேண்டும் என்பது தானே விளங்கும். தொலைபேசிக் குரலின் அலையை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளால் எழுதினால், விநாடிக்கு 64,000 பிட்டுகள் ஆகின்றன. 1972-ல் உலகத் தந்தி, தொலைபேசி அமைப்பு ஜி.711 என்ற பெயரால் நிலைநாட்டிய முறை இது. இணையத்தில் அனுப்பும்போது வழக்கமாக 20 மில்லி விநாடிக் குரலை, அதாவது 160 பைட்டுகளை, ஒரு பொட்டலமாக்கி, அதன் தலையில் வரிசை எண், நேரக்குறி, செல்ல வேண்டிய முகவரி முதலிய விவரங்களை 40 பைட்டுகளில் எழுதி அனுப்புவார்கள். விநாடிக்கு 50 பொட்டலங்கள் போக வேண்டும், 50 பொட்டலங்கள் வர வேண்டும். இரு திசைகளிலும் தனித்தனியே விநாடிக்கு 80,000 பிட்டுகள். இது பெரிய பாரமே அன்று. ஆனால் 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை, தவறாமல், தாமதியாமல், பேச்சு நீடிக்கும் வரை அந்த வேலை நடந்தாக வேண்டும். பொதுவான கணினி ஒரே சமயத்தில் நூறு வேலைகளுக்கு முறை வைத்துத் தன் நேரத்தைப் பங்கிட்டுக்கொடுப்பது. தன் முறை வருவதற்கு 60 மில்லி விநாடி தாமதமானால் கணக்கு எழுதும் மென்பொருளுக்கு ஒரு நஷ்டமுமில்லை, குரலுக்கோ மூன்று பொட்டலங்கள் நஷ்டம். ஆதலால் தொலைபேசிக்கு வேண்டியது பெரிய மூளையன்று. வேறு பொறுப்பில்லாத சிறு மூளை. அத்தகைய மூளையைத் தாங்கி, தொலைபேசிக்கும் இணையத்துக்கும் இடையே நிற்கும் பெட்டியே அடாப்டர்.

இணையத்தில் பொட்டலங்கள் சீரான இடைவெளியில் வந்து சேர்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்று 40 மில்லி விநாடியில் வரும். அடுத்தது 70-ல் வரும். சில சமயம் பின்னது முன்னதை முந்திக்கொள்ளும். வந்தவற்றை உடனே ஒலியாக்காமல், சிறிது நேரம் தேக்கிவைத்து, வரிசைப்படுத்திச் சீராக வெளியிடுவது பெறுகிற கருவியின் கடமை. தேக்கம் குறைந்தால் குரல் விக்கும். மிகுந்தால் பேச்சுக்கும் மறுமொழிக்கும் இடையே இடைவெளி விழுந்து, இருவரும் ஒரே சமயத்தில் பேசித் தடுமாறுவர். ஒரு திசையில் மொத்தத் தாமதம் 150 மில்லி விநாடிக்கு உட்பட்டிருந்தால் உரையாடலுக்கு இடையூறில்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் வரையறை. வலையின் அன்றைய நிலையை அளந்து பார்த்துத் தேக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் அறிவு நல்ல அடாப்டருக்கு உண்டு.

இவற்றையெல்லாம்விட நுட்பமானது எதிரொலியை நீக்கும் வித்தை. சாதாரணத் தொலைபேசியில் போகும் குரலும் வரும் குரலும் ஒரே ஜோடிக் கம்பியில் செல்கின்றன. இணையத்திலோ போவதற்கு ஒரு பாதையும் வருவதற்கு வேறொரு பாதையும் உண்டு. இரண்டு கம்பி முறையும் இருபாதை முறையும் கூடுகிற இடத்தில் மின்தடைகள் முற்றிலும் பொருந்திவருவது அரிது. ஆகையால் தொலைவிலிருந்து வந்த குரலில் ஒரு பகுதி அங்கே பிரதிபலித்துப் பேசியவரிடமே திரும்பிச் செல்லும். உள்ளூர்ப் பேச்சில் அது நொடிப்பொழுதுக்குள் திரும்பிவிடுவதால் தம் சொந்தக் குரலோடு கலந்துபோய், அவர் அதை உணர்வதில்லை. தாமதம் மிகும்போதுதான் அது எதிரொலியாகிப் பேசுவோரைத் திகைக்கச் செய்கிறது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் துணைக்கோள்கள் வழியாகப் பேசத் தொடங்கிய 1960-களில் இந்தச் சங்கடம் முதன்முதலாகப் பெரிதாக எழுந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி, பென் லோகன், இந்தியாவில் பிறந்த மன் மோகன் சோந்தி ஆகியோர் அதற்கு ஒரு பரிகாரம் கண்டார்கள். 1967-ல் சோந்தி எழுதிய கட்டுரை இத்துறையில் அடிப்படையானது. வரும் குரலைக் கவனித்து, அதனால் எத்தகைய எதிரொலி எழும் என்பதைத் தானே கணித்து, அந்தக் கணிப்பைப் போகும் குரலிலிருந்து கழித்துவிடுவது அந்த முறை. கழித்த பிறகு எஞ்சி நிற்கும் பிழையைக் கொண்டு தன் கணிப்பை மேலும் மேலும் திருத்திக்கொள்வதனால், வீட்டுக்கு வீடு மாறுபடும் கம்பிகளுக்கும் கருவிகளுக்கும் ஏற்ப அது தன்னை அமைத்துக்கொள்கிறது. பேச்சின் முதல் சில விநாடிகளில் மெல்லிய எதிரொலி கேட்டு, பிறகு மறைந்துபோவதைச் சில இணைப்புகளில் கேட்டிருப்போம்; உள்ளே நிகழும் இந்தக் கற்றலே அதற்குக் காரணம். 16 மில்லி விநாடி நீள எதிரொலியைக் கணிக்க 128 அளவுகளைக் கையாள வேண்டும்; கணிப்புக்கு 128 பெருக்கல், திருத்தத்துக்கு 128 பெருக்கல், விநாடிக்கு 8,000 முறை என்று பார்த்தால் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள். ஒரு காலத்தில் இதற்கு ஓர் அலமாரி நிறைந்த யந்திரம் வேண்டியிருந்தது. இன்று நகத்தளவுச் சில்லு ஒன்று ஒரு வாட்டுக்கும் குறைந்த சக்தியில் செய்துவிடுகிறது.

இனி, தொலைபேசிக் கருவியின் பக்கத்தில் அடாப்டர் செய்ய வேண்டியது, அந்த எக்ஸ்சேஞ்சின் வேஷத்தை முழுமையாகத் தாங்குவது. சுவரில் செருகிய மின்வழங்கி கொடுக்கும் 5 அல்லது 12 வோல்ட்டிலிருந்து அது 48 வோல்ட்டையும் உண்டாக்கவேண்டும், மணியடிக்க வேண்டிய உயர் அழுத்த மாறுமின்னோட்டத்தையும் உண்டாக்கவேண்டும்; ரிசீவர் எடுக்கப்பட்டதை அறிந்து டயல் டோனைக் கொடுக்கவேண்டும்; அழுத்திய எண்களைப் புரிந்துகொள்ள வேண்டும். 1963-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் என்ற ஊர்களில் அறிமுகமான பொத்தான் தொலைபேசியில் ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுருதிகளை ஒருங்கே எழுப்பும். 5 என்ற எண்ணுக்கு 770, 1336 என்ற அதிர்வெண்கள். அடாப்டர் இவ்விரண்டையும் பிரித்தறிந்து எண்ணை அறிகிறது. குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் இந்தச் சுருதிகள் உருக்குலைந்துபோகும் என்பதால், சுருதியை அனுப்பாமல் ‘5 அழுத்தப்பட்டது’ என்ற செய்தியையே தனிப் பொட்டலமாக அனுப்பும் முறை 2000-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. பழைய சுழல் எண்வட்டுத் தொலைபேசியைப் பாதுகாத்துவருவோர், அதன் துடிப்புகளைப் புரிந்துகொள்ளும் திறன் சில அடாப்டர்களுக்கே உண்டு என்பதை வாங்குமுன் நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் ஒரு சிறு பெட்டியில் அடைத்தவர்களின் சரித்திரம் பெரும்பாலும் கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. ஜான் ஃபாண்ட்ரியாண்டோ என்ற பொறியியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய கோமோடோ என்ற நிறுவனத்தை 2000-ல் சிஸ்கோ வாங்கியது. அதன் பெட்டியே ஏ.டி.ஏ. 186 என்ற பெயரால் வெளிவந்து, வோனேஜ் நிறுவனம் அமெரிக்கக் குடும்பங்களுக்கு இணையத் தொலைபேசியை வழங்கத் தொடங்கியபோது அவர்கள் வீடுகளில் அமர்ந்தது. அதே மனிதர்கள் 2003-ல் சிபுரா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2005-ல் அதையும் சிஸ்கோ வாங்கித் தன் லிங்ஸிஸ் பிரிவில் சேர்த்துக்கொண்டது. பின்னர் ஃபாண்ட்ரியாண்டோ ஓபிஹாய் என்ற மூன்றாவது நிறுவனத்தை அமைத்தார். அது 2018-ல் பாலிகாம் நிறுவனத்திடம் சென்றது. ஒரே பொருளை மூன்று முறை புதிதாகச் செய்து, ஒவ்வொரு முறையும் முன்னதைவிட எளியதாகவும் மலிவாகவும் ஆக்கிய அந்த விடாமுயற்சி எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. மேஜிக்ஜாக் நிறுவனமும் 2011-ல் வெளியிட்ட ‘பிளஸ்’ என்ற கருவியில் தனிச் செயலியையும், ரவுட்டரோடு நேரே இணைக்கும் துளையையும் வைத்தது. கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப்போகலாம் என்ற நிலை அதை வைத்திருந்தோருக்கு அப்பொழுதுதான் வந்தது.

காத்திருப்பின் உள்மர்மம் இன்னும் சொல்லப்படவில்லை. செம்புக் கம்பி வீட்டுக்கே உரியது. எந்தக் கம்பியில் மணியடிக்க வேண்டும் என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். இணையத்தில் வீட்டின் முகவரி நிலையற்றது. அன்றியும், வீட்டிலுள்ள கருவிகள் யாவும் ரவுட்டரின் ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. உள்ளேயிருந்து எந்தக் கருவி வெளியே பேசுகிறதோ அதற்கு மட்டும் மறுமொழி வரும் வழியை ரவுட்டர் சிறிது காலம் திறந்துவைக்கும். அழைப்பாகத் தானே வந்து நிற்கும் பொட்டலத்தை அது ஏற்காது. எனவே, 2002-ல் இன்றைய வடிவம் பெற்ற எஸ்.ஐ.பி. என்ற விதிமுறையில், அடாப்டர் முதற்கண் சர்வரிடம் சென்று, ‘இந்த எண்ணுக்கு உரியவன் இப்பொழுது இந்த முகவரியில் இருக்கிறேன்’ என்று பதிவுசெய்துகொள்கிறது. அந்தப் பதிவுக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலும் ஒரு மணி நேரம். அதற்குள் புதுப்பிக்க வேண்டும். ஆனால் ரவுட்டர் திறந்துவைக்கும் வழியின் ஆயுள் அதைவிட மிகக் குறைவு. பல வீட்டு ரவுட்டர்களில் அரை நிமிஷத்தில் அது அடைந்துவிடும். அது அடைபட்டபின் சர்வர் அனுப்பும் அழைப்பு வாசலிலேயே நின்றுபோகும். இதைத் தவிர்க்க, அடாப்டர் 15 அல்லது 20 விநாடிக்கு ஒரு முறை, பொருளற்ற ஒரு சிறு பொட்டலத்தைச் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நாள் ஒன்றுக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட முறை அது இவ்வாறு தன் இருப்பை அறிவிக்கிறது. ‘வெளியே அழைக்க முடிகிறது, உள்ளே அழைப்பு வருவதில்லை’ என்று ஒருவர் சொன்னால், இந்த இடைவெளி ரவுட்டரின் பொறுமையைவிட நீண்டதாக இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பத்தில் பல நோய்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடாப்டரை விலைக்கு வாங்காமல் இந்தப் பொறுப்பை வேறு சிறு யந்திரங்களிடம் ஒப்படைத்தவர்களும் உண்டு. மார்க் ஸ்பென்சர் 1999-ல் எழுதத் தொடங்கி யாவருக்கும் இலவசமாக அளித்த ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள், ஒரு முழு எக்ஸ்சேஞ்சின் காரியங்களைச் செய்யவல்லது. லிங்ஸிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டரின் மூல நிரல் 2003-ல் வெளியானபின், அதன் அடிப்படையில் எழுந்த ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்ற அமைப்பை ஏற்றிக்கொண்டு, ரவுட்டரிலேயே ஆஸ்டரிஸ்கை இயக்கியவர்கள் பலர். எப்படியும் இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கும் விளக்கிலேயே இன்னொரு வேலையையும் முடித்துக்கொள்ளும் சிக்கனம் அது. 2012-ல் ராஸ்ப்பெர்ரி பை வந்தபின் இது மேலும் எளிதாயிற்று. ஆயினும் தொலைபேசிக் கம்பி செருகும் துளை இவற்றில் இல்லை ஆகையால், மேஜைமேலுள்ள பழைய கருவிக்கு மணியடிக்க அடாப்டர் ஒன்று தேவைப்படவே செய்தது.

2010-ல் கூகுள் தன் ஜிமெயில் பக்கத்திலிருந்தே அமெரிக்க எண்களை இலவசமாக அழைக்கும் வசதியைத் தந்தபோது, உலாவியைத் திறந்துவைத்தவருக்கு மட்டுமே அங்கு மணி ஒலித்தது. ஓபிஹாய் நிறுவனத்தின் ஓபி 100, ஓபி 110 என்ற அடாப்டர்கள், எக்ஸ்.எம்.பி.பி. என்ற விதிமுறையில் தாமே கூகுளின் சர்வரில் நுழைந்து, உலாவியின் வேலையைத் தாம் ஏற்றுக்கொண்டன. மாதக் கட்டணம் ஒன்றுமில்லாத வீட்டுத் தொலைபேசி என்று ஆயிரக்கணக்கானோர் அவற்றைக் கொண்டாடினார்கள். 2018 ஜூன் மாதத்தில் கூகுள் அந்த விதிமுறையைக் கைவிட்டு எஸ்.ஐ.பி.க்கு மாறியபோது, ஓபி 200 வரிசைக்குப் புதிய மென்பொருள் கிடைத்தது. பழைய ஓபி 100, 110 பெட்டிகளுக்குக் கிடைக்கவில்லை. அப்பெட்டிகளின் உறுப்பு ஒன்றும் பழுதாகவில்லை. மறுமுனையில் இருந்தவர் தம் பாஷையை மாற்றிக்கொண்டுவிட்டார். கம்பெனி ஒன்றின் சேவையை மட்டும் நம்பிய அடாப்டரைக் காட்டிலும், எஸ்.ஐ.பி. என்ற பொது விதியை அறிந்து, எந்தச் சேவைக்கும் மாற்றிக்கொள்ளத் தக்கதாகப் பூட்டப்படாமல் வரும் அடாப்டரே வாங்கத் தக்கது என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

பெட்டியை வீட்டில் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. இணையத்தில் இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் பல வீடுகளில் மிகக் குறைவு. யாராவது படங்களை மேலே அனுப்பத் தொடங்கினால் குரல் பொட்டலங்கள் அவற்றின் பின்னால் வரிசையில் நின்றுவிடும். நம் பேச்சு மறுமுனைக்கு உடைந்து செல்லும், நமக்கோ அவர் பேச்சு தெளிவாகவே கேட்கும். ரவுட்டரில் குரலுக்கு முதலிடம் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டால் இது தீரும். வீடு முழுவதும் உள்ள சுவர்த் துளைகளில் பழைய கருவிகளை அப்படியே பயன்படுத்த விரும்புவோர், அடாப்டரின் கம்பியை ஏதாவது ஒரு சுவர்த் துளையில் செருகினால் போதும். ஆனால் அதற்கு முன் வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பெனியின் கம்பியை வீட்டுக் கம்பிகளிலிருந்து முற்றிலும் பிரித்துவிட வேண்டும். இரண்டு எக்ஸ்சேஞ்சுகள் ஒரே கம்பியில் எதிரெதிரே அழுத்தம் கொடுத்தால் சிறியது கருகிப்போகும்.

மின்தடை வந்தால் என்னாகும் என்ற கேள்விக்குச் செம்புக் கம்பி அளித்த பதிலை இந்தப் பெட்டி அளிக்க முடியாது. எக்ஸ்சேஞ்சின் மின்கல அறை இப்பொழுது வீட்டுக்காரருடைய பொறுப்பாகிவிட்டது. ஆனால் கணினி இல்லாத ஏற்பாட்டின் பெரிய நன்மை இங்கேதான் தெரிகிறது. அடாப்டருக்கு 4 வாட்டும், மோடத்துக்கும் ரவுட்டருக்குமாக 12 வாட்டும் என்று கொண்டால் மொத்தம் 16 வாட். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள சாதாரண மின்கலம் 84 வாட்-மணிச் சக்தியைத் தாங்கியிருப்பதால், கணக்குப்படி ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலாகவும், நஷ்டங்களைக் கழித்தால் நாலு மணி நேரத்துக்கு அருகிலும் தொலைபேசி இயங்கும். 80 வாட் கணினியும் உடன் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அமெரிக்காவில் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் 2015-ல், கம்பி வழியே மின்சாரம் வராத வீட்டுத் தொலைபேசிச் சேவைகளை நடத்தும் கம்பெனிகள் 8 மணி நேரம் தாங்கும் மின்கல ஏற்பாட்டை, வேண்டுவோருக்கு விலைக்கு அளித்தாக வேண்டும் என்று விதித்தது. மூன்றாண்டுகளில் 24 மணி நேர ஏற்பாடும் கிடைக்க வேண்டும் என்றது. அதே ஆணையம் 2005-ல் பிறப்பித்த மற்றோர் உத்தரவும் முக்கியமானது. அடாப்டரை எந்த ஊருக்கும் எடுத்துச் சென்று எந்த இணைப்பிலும் செருகலாம் ஆகையால், 911 என்ற அவசர எண்ணை அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்பது கம்பியைக் கொண்டு தெரியாது. ஆதலால் சந்தாதாரரின் முகவரியைப் பதிவுசெய்துகொண்டு அதை அவசர உதவி நிலையத்துக்குத் தெரிவிக்கும் பொறுப்பைச் சேவை நிறுவனங்களின்மேல் அது சுமத்தியது. வீடு மாறினால் அந்தப் பதிவை மாற்றும் பொறுப்பு நம்முடையது. அதை மறந்துவிட்டால் தீயணைப்பு வண்டி பழைய வீட்டுக்குப் போய் நிற்கும்.

தமிழ்நாட்டில் ஒளியிழை இணைப்புப் பெற்ற வீடுகளில் சுவரோரம் பொருத்தப்படும் பெட்டியின் பின்புறத்தில், இணையக் கம்பிக்குரிய துளைகளின் அருகே, சற்றுச் சிறிய துளை ஒன்றும் இருக்கும். அதில் செருகிய தொலைபேசிக்கு 48 வோல்ட்டைக் கொடுப்பதும், மணியடிப்பதும், எதிரொலியைக் கழிப்பதும், சர்வரிடம் பதிவைப் புதுப்பிப்பதும் அந்தப் பெட்டிக்குள் அடங்கிவிட்ட அடாப்டரின் வேலையே. கம்பெனி ஊழியர் வந்து செம்புக் கம்பியை நீக்கி ஒளியிழையை இணைத்துவிட்டுப் போகும்போது எண் மாறுவதில்லை, கருவி மாறுவதில்லை. ஒளியிழை மின்சாரத்தைச் சுமக்காது என்பதை மட்டும் பலர் அறிவதில்லை. வீட்டில் முதியவர்கள் தனியே இருந்தால், இன்வெர்ட்டரின் சுற்றில் அந்தப் பெட்டியின் பிளக்கும் சேர்ந்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.